கதையை யார் சொல்வது? தன்மைக்கும் படர்க்கைக்கும் இடையே தேர்ந்தெடுக்கும்போது

கதையைத் தன்மையில் எழுதுவதா, படர்க்கையில் எழுதுவதா என்ற கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் ஒன்று உண்டு: நெருக்கம் வேண்டுமானால் ‘நான்’, பரப்பு வேண்டுமானால் ‘அவன்’. இது பாதி உண்மை. ‘நான்’ என்று எழுதியும் எட்ட நின்றே பேசும் கதைகள் ஏராளம். ‘அவள்’ என்று எழுதியும் வாசகரை அவள் மனத்துக்குள்ளேயே உட்காரவைக்கும் கதைகளும் ஏராளம். சொல்பவருக்கு என்ன தெரியும், அது எப்போது தெரிந்தது, அதை யாரிடம் சொல்கிறார் என்ற மூன்றும்தான் நெருக்கத்தை நிர்ணயிக்கின்றன. இவற்றுக்கு விடை கண்டுவிட்டால் தன்மையா படர்க்கையா என்பது பல சமயம் தானாகவே முடிவாகிவிடும்.

ஓர் உதாரணத்தைக் கையில் வைத்துக்கொள்வோம். அப்பா இறந்தபின் குடும்ப வீட்டை அண்ணன் தங்கைக்குச் சொல்லாமல் விற்றுவிடுகிறான். சில மாதம் கழித்துத் தங்கை அந்த வாசலில் வந்து நிற்கிறாள். கதவைத் திறப்பவர் முன்பின் தெரியாத ஒருவர். இவ்வளவுதான் கதை.

தங்கை ‘நான்’ என்று சொன்னால் இது கண்டுபிடிப்பின் கதை. அவளுக்குத் தெரிய வரும் வேகத்தில்தான் வாசகருக்கும் தெரியும். அண்ணனின் காரணங்கள் கடைசிவரை வெளியிலிருந்தே தெரியும். அண்ணன் ‘நான்’ என்று சொன்னால் விற்றது ரகசியமாக இருக்க முடியாது. அவன் தனக்குச் சொல்லிக்கொள்ளும் நியாயங்களும், அவற்றில் எங்கே பொத்தல் என்று வாசகர் கண்டுபிடிப்பதும்தான் கதையின் விசை. கதவைத் திறந்தவர் சொன்னால் ஒரே ஒரு பிற்பகல்தான் கையில் இருக்கும். வந்தவள் ஏன் சுவரைத் தொட்டுப் பார்த்தாள் என்பதுகூட அவருக்குப் புரியாது, வாசகருக்குப் புரியும். பெயரில்லாத ஒரு குரல் படர்க்கையில் சொன்னால் இந்த மூவரையும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் யாருடைய பக்கம் நிற்பது என்பதை ஒவ்வொரு காட்சியிலும் அந்தக் குரல் முடிவு செய்தாக வேண்டும். சம்பவம் ஒன்று, கதைகள் நான்கு. இவற்றில் எந்தக் கதையை எழுத உட்கார்ந்தோம் என்பதைத்தான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதற்கு நம்மிடம் மிகப் பழைய கருவி ஒன்று இருக்கிறது. சங்க அகப்பாடல்களோடு கூற்றுக் குறிப்பு ஒன்று வரும்: இன்ன நேரத்தில், இன்ன காரணத்தால், தலைவி தோழிக்குச் சொல்லியது, தோழி தலைவனுக்குச் சொல்லியது. பாடலில் கவிஞர் தம் குரலில் பேசுவதில்லை. பேசுபவரும் கேட்பவரும் சூழலும் அந்த ஒரு வரியில் அடங்கிவிடும். கதை எழுதும் முன் அப்படி ஒரு வரி எழுதிப் பாருங்கள். “வீடு விற்று ஆறு மாதம் கழித்து, நடந்தது எதுவும் தெரியாத மனைவியிடம் அண்ணன் சொல்லியது.” இந்த வரியே தொனியைத் தந்துவிடுகிறது: அவன் சில இடங்களைத் தாவுவான், சில இடங்களில் தேவைக்கு மேல் விளக்குவான். “தங்கை வந்துபோன அன்றிரவே தனக்குத்தானே சொல்லிக்கொண்டது” என்று மாற்றினால் விளக்கமெல்லாம் போய்விடும். துண்டு துண்டான நினைவுதான் மிஞ்சும். ‘யாரிடம்’ என்ற இடத்தை எவ்வளவு யோசித்தும் நிரப்ப முடியவில்லை, அந்த ஆள் இதை யாரிடமும் சொல்லவே மாட்டான் என்று தோன்றினால், அது படர்க்கைக் கதை. சொல்லத் தெரியாதவர்கள், சொல்ல விரும்பாதவர்கள், தமக்கு நடப்பது என்னவென்றே உணராதவர்கள் ஆகியோரின் கதைகளைப் படர்க்கைதான் நன்றாகத் தாங்கும்.

தன்மையில் இரண்டு பேர்

தன்மைக் கதையில் ‘நான்’ ஒருவர் அல்லர், இருவர். அன்று வாசலில் நின்றவள் ஒருத்தி, இன்று அதைச் சொல்பவள் ஒருத்தி. இருவருக்கும் இடையிலுள்ள காலத்தை முதலிலேயே முடிவு செய்துகொள்ளாத கதைகள் நடுவில் குலைகின்றன. இருபது ஆண்டு இடைவெளி என்றால் சொல்பவளுக்குப் பின்விளைவுகள் தெரியும். “அன்று அவன் முகத்தில் இருந்தது கோபம் என்று நினைத்தேன், பயம் என்று இப்போது புரிகிறது” என்று எழுதலாம். இடைவெளி ஒரு நாள்தான் என்றால் அந்த வாக்கியம் பொய். இந்த அளவை ஒரு தாளில் எழுதி எதிரே வைத்துக்கொள்வது நல்லது: ‘ஒரு வாரம்’, ‘பதினைந்து ஆண்டு’ என்று. பிறகு திருத்தும்போது ‘அப்போது’, ‘பிறகுதான்’, ‘இப்போது யோசித்தால்’ போன்ற சொற்களை மட்டும் தேடிப் பார்த்து, ஒவ்வொன்றும் அந்த அளவுக்குள் அடங்குகிறதா என்று சரிபார்க்கலாம்.

“அதுதான் அவனைக் கடைசியாகப் பார்த்தது என்று அப்போது எனக்குத் தெரியாது” என்ற வகை வாக்கியம் தன்மைக்கு இயல்பாக வரும் வசதி. ஒரு சிறுகதையில் ஒன்று போதும். இரண்டாவது வந்தால் வாசகர் ஏமாற்றுவித்தையைப் பார்க்கத் தொடங்குகிறார்.

ரகசியத்தை மறைப்பது தன்மையில் மிகச் சிக்கலான இடம். அண்ணன்தான் சொல்பவன், வீட்டை விற்றது அவனுக்குத் தெரியும். பத்துப் பக்கம் அதைச் சொல்லாமல் வைத்திருந்து பதினோராம் பக்கத்தில் போட்டு உடைத்தால் அதிர்ச்சி வராது, எரிச்சல்தான் வரும். தெரிந்த ஒருவர் தம்மிடம் மறைத்தார் என்ற உணர்வு வாசகருக்கு வந்துவிடும். இரண்டு வழிகள் இருக்கின்றன. விற்றதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டு, ஏன் விற்றான் என்பதை மெல்ல அவிழ்ப்பது ஒன்று. மறைப்பதையே வாசகர் பார்க்கும்படி செய்வது இன்னொன்று: தங்கை பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் அவன் கூரை ஒழுகியதைப் பற்றியும் சுவரில் விரிசல் விட்டதைப் பற்றியும் பேசத் தொடங்குகிறான். மூன்றாவது முறை கூரைக்குப் போகும்போது வாசகருக்கு விஷயம் பிடிபட்டுவிடும். நம்பத்தகாத கதைசொல்லி உருவாவது இப்படித்தான். அவர் பொய் சொல்ல வேண்டியதில்லை, எதைச் சுற்றிப் போகிறார் என்பது தெரிந்தால் போதும்.

வரிசையாக வரும் ‘ஏன்’

தமிழில் தன்மைக் கதைக்கு மொழியே வைக்கும் கண்ணி ஒன்று உண்டு. வினைமுற்றில் ஆள் ஒட்டிக்கொண்டிருப்பதால் வாக்கியங்கள் அடுத்தடுத்து ‘ஏன்’ விகுதியின் ஒரே ஓசையில் முடியும்.

“பேருந்திலிருந்து இறங்கினேன். தெருவுக்குள் நடந்தேன். வாசலில் இருந்த மரம் வெட்டப்பட்டிருப்பதைப் பார்த்தேன். மனம் பதறுவதை உணர்ந்தேன். கதவருகில் நின்றேன். உள்ளே யாரோ பேசுவதைக் கேட்டேன்.”

இதில் ஓசை மட்டும் குறையல்ல. பார்த்தேன், உணர்ந்தேன், கேட்டேன் என்ற மூன்று வினைகளும் வாசகருக்கும் காட்சிக்கும் நடுவே நிற்கின்றன. ‘நான்’ சொல்லும் கதையில் ஒன்று சொல்லப்பட்டாலே அது நான் பார்த்தது, கேட்டது என்றுதான் பொருள்.

“பேருந்திலிருந்து இறங்கித் தெருவுக்குள் திரும்பினேன். வாசல் மரம் இல்லை. அடிக்கட்டை மட்டும் வெள்ளையாக இருந்தது. வெட்டி அதிக நாள் ஆகியிருக்காது. கதவை நெருங்கியபோது உள்ளே பேச்சுக் குரல். வீட்டைப் பூட்டி வைத்திருப்பதாகத்தானே அண்ணன் சொன்னான்?”

ஆறு ‘ஏன்’ ஒன்றாகக் குறைந்திருக்கிறது. பதற்றம் என்ற சொல்லும் தேவைப்படவில்லை. இப்படி மாற்றத் தமிழ் நிறைய இடம் தருகிறது. இரண்டு வினைகளை எச்சத்தால் கோக்கலாம். மூன்றுக்கு மேல் கோத்தால் “இறங்கி, நடந்து, திரும்பி, நின்று” என்று மூச்சு வாங்கும். எழுவாயை உடலுக்கோ பொருளுக்கோ கொடுக்கலாம்: கை நடுங்கியது, தொண்டை வறண்டது. ‘எனக்கு’ என்று தொடங்கும் வாக்கியங்கள் ‘ஏன்’ விகுதியில் முடிவதில்லை: எனக்குப் பிடிக்கவில்லை, எனக்கு வலித்தது. ‘நான்’ என்ற சொல்லையும் பெரும்பாலும் விட்டுவிடலாம், வினையே சொல்லிவிடுகிறது. “நான் போகவில்லை, அவன்தான் போனான்” என்பது போல எதிர்நிலை வரும் இடத்தில் மட்டும் வைத்தால் அந்தச் சொல்லுக்கு எடை இருக்கும்.

திருத்தும்போது ஒரு பக்கத்தில் ‘ஏன்’ என்று முடியும் வாக்கியங்களுக்கெல்லாம் அடிக்கோடு போடுங்கள். தொடர்ந்து மூன்று வந்தால் ஒன்றை மாற்றுங்கள். பார்த்தல், கேட்டல், நினைத்தல் வினைகளை வட்டமிடுங்கள்; பார்ப்பதே ஒரு செயலாக இருக்கும் இடத்தில், உதாரணமாகப் பார்க்கக் கூடாதென்று இருந்தவள் திரும்பிப் பார்க்கும் இடத்தில், மட்டும் விட்டுவைக்கலாம்.

‘வந்தேன்’ என்ற சொல்லில் ஆணா பெண்ணா என்பது தெரியாது என்பதையும் கவனிக்க வேண்டும். வாசகர் பெரும்பாலும் எழுத்தாளர் பெயரைப் பார்த்து ஊகித்துக்கொள்கிறார். கதைசொல்லி வேறு பால் என்றால் முதல் நூறு, நூற்றைம்பது சொற்களுக்குள் யாராவது அவரை அழைக்கும் விதத்தில் தெரிவித்துவிட வேண்டும். ஒரு ‘என்னம்மா’ போதும். இரண்டாம் பக்கத்தில் தெரிந்தால் வாசகர் அதுவரை மனத்தில் கட்டிய உருவத்தைக் கலைத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

தன் முகம் தனக்குத் தெரியாது என்பதும் அடிக்கடி மறந்துபோகும் விதி. “என் முகம் சிவந்தது” என்று ‘நான்’ சொல்ல முடியாது. முகம் சூடானதைச் சொல்லலாம். தன் தோற்றத்தை விவரிக்கக் கண்ணாடி முன் நிறுத்தும் உத்தி மிகவும் தேய்ந்துவிட்டது. மற்றவர்கள் பேச்சில் இரண்டு தகவல் வந்தால் போதும், வாசகர் மீதியை நிரப்பிக்கொள்வார். அதேபோல, தன்னைத் தானே நல்லவன், தைரியசாலி என்று காட்ட வேண்டிய கதாபாத்திரத்துக்குத் தன்மை பொருந்துவதில்லை. அவன் செய்த நன்மையை அவன் வாயால் கேட்கும்போது அது சுருங்கிவிடுகிறது. அப்படிப்பட்டவரைப் பக்கத்திலிருந்து பார்க்கும் இன்னொரு ‘நான்’ சொல்வது நன்றாக அமையும்.

‘நான்’ இல்லாத இடத்தில் நடந்தவை

தங்கை சொல்லும் கதையில் பத்திரம் எழுதிய நாளை எப்படிக் காட்டுவது? அவள் அங்கே இல்லை. இந்த இடத்தில் பலர் அவசரப்பட்டுப் படர்க்கைக்குத் தாவுகிறார்கள். தாவ வேண்டியதில்லை. கேள்விப்பட்டதைச் சொல்ல ‘ஆம்’ என்ற விகுதி இருக்கிறது: “தரகர் இரண்டு முறை வந்தாராம். முதல் முறை அண்ணன் பேசவே இல்லையாம்.” செய்தியோடு அதன்மேல் அவளுக்குள்ள ஐயமும் அந்தச் சின்ன விகுதியிலேயே வந்துவிடுகிறது. கற்பனை செய்வதைச் சொல்ல ‘இருக்கும்’ இருக்கிறது: “கையெழுத்துப் போடும்போது அவன் கை நடுங்கியிருக்கும். நடுங்கியிருக்க வேண்டும்.” முதல் வாக்கியம் ஊகம், இரண்டாவது ஆசை. அண்ணன் உண்மையில் எப்படிக் கையெழுத்திட்டான் என்று நேராகக் காட்டும் எந்தக் காட்சியும் தங்கையைப் பற்றி இவ்வளவு சொல்லியிருக்காது. தன்மையின் எல்லை அதன் குறை என்று எண்ணும் பழக்கத்தை விட்டுவிட்டால், அந்த எல்லையில்தான் கதை விளைகிறது என்பது தெரியும்.

வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ இந்த எல்லையைக் கடைசி முனைவரை கொண்டுபோன கதை. சொல்பவர் நகர முடியாத ஒரு மரம். அதனால் கதையின் முடிச்சான பேச்சு மரத்தடியில்தான் நடந்தாக வேண்டியிருக்கிறது. சாட்சியாக ஒரு ‘நான்’ வைக்கும் யாருக்கும் இதே கட்டாயம் உண்டு: முக்கியமான காட்சிகள் ஒவ்வொன்றிலும் அந்தச் சாட்சி ஏன் அங்கே இருந்தார் என்பதற்கு ஒரு காரணம் வேண்டும். காட்சிகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்தக் காரணத்தை எழுதிப் பாருங்கள். ‘தற்செயலாக’ என்று ஒன்றுக்கு மேல் எழுத நேர்ந்தால் சாட்சியை மாற்ற வேண்டும்.

படர்க்கை: அவனா, அவரா?

ஆங்கிலம் போன்ற மொழிகளில் படர்க்கை எழுதுபவருக்கு இல்லாத ஒரு முடிவு தமிழில் முதல் வாக்கியத்திலேயே காத்திருக்கிறது. ஒருவர் அறைக்குள் நுழைகிறார். “அப்பா உள்ளே வந்தார்” என்றால் மகளின் பக்கம் நிற்கிறோம். “கணேசன் உள்ளே வந்தான்” என்றால் நண்பனோ, மூத்தவரோ, அல்லது எல்லோரையும் மேலிருந்து பார்க்கும் ஒரு குரலோ சொல்கிறது. “கணேசன் சார் வந்தார்” என்றால் அவருக்குக் கீழே வேலை செய்பவரின் கண். ஒரே ஆள், ஒரே செயல். விகுதியும் பெயரும் பார்வையைத் தீர்மானித்துவிட்டன. ஒருவரை ஒட்டிச் செல்லும் படர்க்கையில் மற்ற எல்லோரையும் அந்த ஒருவர் எப்படி அழைப்பாரோ அப்படியே கதையும் அழைக்க வேண்டும். மகளை ஒட்டிப் போகும் கதையில் திடீரென்று “கணேசன் பெருமூச்சு விட்டான்” என்று வந்தால் வாசகருக்குப் புதிதாக ஒருவர் வந்துவிட்டார் என்றுதான் தோன்றும்.

ஆகவே எழுதத் தொடங்கும் முன் சின்னப் பட்டியல் ஒன்று தேவை: ஒவ்வொரு பாத்திரத்துக்கும் கதைக்குரல் பயன்படுத்தும் பெயர், அதற்குரிய விகுதி. இதில் ஒன்றைத் தனியாகப் பாருங்கள். ஐம்பது வயது ஆணுக்கு ‘அவர்’, அதே வயதுப் பெண்ணுக்கு ‘அவள்’ என்று கை தானாக எழுதிவிடும். பார்வைப் பாத்திரம் உண்மையிலேயே அப்படி நினைப்பவர் என்றால் அது கதையின் பகுதி. எழுதுபவரின் பழக்கத்தால் வந்தது என்றால், யாரும் சொல்லாத ஒரு கருத்தைக் கதை சொல்லிக்கொண்டிருக்கும். நடுவில் ‘அவர்’ ‘அவன்’ ஆனால் அது ஒரு சம்பவம். மரியாதை உடைந்த கணத்தில் அதைச் செய்தால் ஒரு பக்க விளக்கத்தின் வேலையைச் செய்யும். கவனக்குறைவாகச் செய்தால் அச்சுப்பிழை போலத் தெரியும்.

‘தான்’ என்ற சொல்லைப் படர்க்கை எழுதுபவர்கள் இன்னும் அதிகம் பயன்படுத்தலாம். இரண்டு ஆண்கள் ஒரு காட்சியில் இருந்தால் “அவன் அவனுடைய பையை எடுத்தான்” என்பதில் யார் பை என்று தெரியாது. “தன் பையை எடுத்தான்” என்றால் சிக்கல் இல்லை. அதைவிட முக்கியம், ‘தான்’ பார்வை யாருடையது என்பதை நினைவூட்டிக்கொண்டே இருக்கும்: “தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றியது.” இங்கே பெயரே இல்லை, ஆனாலும் யார் மனத்தில் இருக்கிறோம் என்பது தெளிவு.

வா, போ என்ற இரண்டு வினைகளும் அப்படித்தான். “அண்ணன் உள்ளே வந்தான்” என்று எழுதினால் கதை அறைக்குள் நிற்கிறது. “உள்ளே போனான்” என்றால் வெளியே நிற்கிறது. வாசலில் நிற்கும் தங்கையை ஒட்டிப்போகும் காட்சியில் “வந்தான்” என்று விழுந்திருந்தால், எழுதியவர் அவளை விட்டுவிட்டு உள்ளே போய் நின்றுகொண்டார் என்று பொருள். பார்வை எங்கே வழுக்கியது என்று தேட இந்த இரண்டு வினைகளை மட்டும் பின்தொடர்ந்தாலே பாதி கிடைத்துவிடும்.

படர்க்கையில் ஒருவர் மனத்துக்குள் நுழையத் தமிழில் அழகான கதவு ஒன்று இருக்கிறது. செய்வது, வேண்டும், முடியாது, இல்லை, தெரியவில்லை போன்ற வடிவங்களில் ஆள் விகுதி கிடையாது. அவை தன்மைக்கும் படர்க்கைக்கும் பொது.

“அவள் படியில் உட்கார்ந்தாள். இனி என்ன செய்வது? அவனிடம் கேட்க வேண்டும். கேட்டால் என்ன சொல்வான்? கடன் இருந்தது என்பான். கடன் யாருக்குத்தான் இல்லை.”

முதல் வாக்கியம் கதைசொல்லியுடையது. மற்றவை அவளுடையவை. ‘என்று நினைத்தாள்’ ஒரு முறைகூட வரவில்லை, ‘நான்’ என்பதும் வரவில்லை. “இனி நான் என்ன செய்வேன்” என்று எழுதியிருந்தால் மேற்கோள் குறியோ ‘என்று’ என்பதோ தேவைப்பட்டிருக்கும். குரல் மாறியது கண்ணில் தட்டியிருக்கும். நெருக்கத்துக்காக மட்டுமே தன்மையைத் தேர்ந்தெடுக்க நினைப்பவர்கள் ஒரு பக்கம் இப்படி எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. தன்மையின் நெருக்கம் கிடைக்கும். கூடவே அவளுக்குத் தெரியாத சொற்களில் அவளைச் சுற்றியுள்ள உலகை விவரிக்கும் உரிமையும் கையில் இருக்கும். குழந்தைகளைப் பற்றிய கதைகளுக்கு இது பெரிய உதவி. ஏழு வயதுக் குழந்தை ‘நான்’ என்று சொன்னால் அந்த வயதின் சொற்களுக்குள் முழுக் கதையும் அடங்க வேண்டும், இல்லாவிட்டால் வளர்ந்தபின் திரும்பிப் பார்ப்பவராக மாற்ற வேண்டும். படர்க்கைக்கு அந்த நெருக்கடி கிடையாது.

தலைக்குத் தலை தாவுதல்

“அவள் கதவைத் தட்டினாள். இந்த நேரத்தில் யார் என்று யோசித்தபடி அவர் எழுந்தார். யாரும் இருக்கமாட்டார்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.” மூன்று வாக்கியத்தில் இரண்டு மனங்கள். இதில் இழப்பது என்ன என்றால், கதவு திறக்கும் கணம். உள்ளே ஒருவர் எழுந்ததை வாசகர் முன்னரே பார்த்துவிட்டார். அவளோடேயே நின்றிருந்தால் “உள்ளே நாற்காலி நகரும் ஓசை” என்ற ஒன்று மட்டும் கேட்டிருக்கும், அது போதும்.

பார்வையை மாற்ற வேண்டுமானால் காட்சியை முடித்து, இடைவெளி விட்டு, அடுத்த காட்சியின் முதல் வாக்கியத்திலேயே புதிய ஆளின் பெயரையும் அவர் மட்டும் அறியக்கூடிய ஒன்றையும் வைக்க வேண்டும். சிறுகதையில் இரண்டு பார்வைகளுக்கு மேல் தாங்காது என்பது என் கருத்து. அந்த இரண்டும்கூட ஒன்றுக்கொன்று முரணான தகவலைத் தந்தால்தான் அவசியமாகும்.

எல்லாம் அறிந்த குரல் இதிலிருந்து வேறானது. அது மனத்துக்கு மனம் போகலாம், ஏனென்றால் அதற்கென்று சொந்தத் தொனி இருக்கிறது; வாசகர் அந்தத் தொனியைப் பிடித்துக்கொண்டு கூடவே வருவார். ஆனால் அது முதல் பத்தியிலேயே தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும். “அந்த வீட்டின்மேல் மூன்று பேருக்கு உரிமை இருந்தது; மற்ற இருவர் அதை எதற்காக விரும்பினார்கள் என்பது மூவரில் ஒருவருக்கும் தெரியாது” என்று தொடங்கினால் எந்தப் பாத்திரத்துக்கும் தெரியாததைச் சொல்லும் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்துவிடும். நான்காம் பக்கத்தில் திடீரென இந்தக் குரல் முளைத்தால் அது தவறாகவே படும்.

எந்தத் தமிழில் சொல்வது

தன்மையைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த கணமே இந்தக் கேள்வி வரும்: ‘வந்தேன்’ என்பவளா, ‘வந்தேங்க’ என்பவளா? கேட்பவர் எதிரில் இருக்கும் கதை, சில பக்கங்களில் முடியும் கதை என்றால் முழுப் பேச்சுவழக்கு நன்றாக வரும். நாவல் நீளத்துக்கு அதே வழக்கைக் கொண்டுபோவது கடினம். எழுத்துக்கூட்டலில் வரும் சிறு மாறுதல்கூடக் கண்ணை உறுத்தும். அதற்கு நடைமுறையில் கைகொடுக்கும் வழி, விகுதிகளை எழுத்துத் தமிழில் வைத்துக்கொண்டு, சொற்களையும் வாக்கிய ஒழுங்கையும் பேச்சிலிருந்து எடுப்பது: “வந்தேன் பார், அப்போதே தெரிந்துவிட்டது, ஏதோ சரியில்லை என்று.” விகுதி எழுத்து, நடை பேச்சு. படர்க்கையில் கதைக்குரல் எழுத்துத் தமிழிலும் உரையாடல் பேச்சிலும் இருப்பது வழக்கம். மேலே காட்டிய விகுதியில்லாத மன ஓட்டம் இரண்டுக்கும் நடுவே இயல்பாக உட்காரும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் ‘வந்துட்டான்’ ஒரு பக்கத்தில், ‘வந்திட்டான்’ இன்னொரு பக்கத்தில் என்று இல்லாமல் ஒரு சொல்பட்டியல் வைத்துக்கொள்ள வேண்டும்.

‘நாங்கள்’, ‘நாம்’ என்ற பன்மைக் குரல் அபூர்வமாகத்தான் தேவைப்படும். தேவைப்படும்போது ஒன்றை மறக்கக்கூடாது: ‘நாம்’ வாசகரையும் உள்ளே இழுக்கிறது, ‘நாங்கள்’ வெளியே நிறுத்துகிறது. ஒரு கூட்டம் சேர்ந்து செய்த தவறைச் சொல்லும் கதையில் இது பெரிய வேறுபாடு.

எழுதிப் பார்ப்பதும் மாற்றுவதும்

இவ்வளவு யோசித்தபின்னும் முடிவு வரவில்லை என்றால், கதையின் மிகக் கடினமான காட்சியை எடுத்து முந்நூறு சொற்கள் தன்மையிலும் முந்நூறு சொற்கள் படர்க்கையிலும் எழுதுவதே வழி. தொடக்கக் காட்சியை எடுக்க வேண்டாம். தொடக்கம் எந்தக் குரலிலும் ஓரளவு நன்றாகவே வரும். பிறகு தன்மைப் பிரதியில் ‘நான்’ என்பதை ‘அவள்’ ஆக்கி, வினைகளையும் மாற்றி வாசியுங்கள். எதுவும் உடையாமல் சரளமாகப் போனால் அந்தத் தன்மை எந்த வேலையும் செய்யவில்லை. அது படர்க்கைக் கதை. “இதைச் சொல்லியிருக்க வேண்டாம்”, “சரி, அது கிடக்கட்டும்” போன்ற இடங்கள் உடைந்து தொங்கினால், அங்கே சொல்பவர் ஒருவர் உயிரோடு இருக்கிறார், தன்மையை விடாதீர்கள்.

பாதி எழுதிய பிறகு மாற்றத் தயங்க வேண்டியதில்லை. தஸ்தாயெவ்ஸ்கி ‘குற்றமும் தண்டனையும்’ நாவலைக் கொலை செய்தவனின் வாக்குமூலமாகத் தன்மையில் தொடங்கி, 1865 இறுதியில் அதைக் கைவிட்டுப் படர்க்கையில் மறுபடி எழுதினார்; நாயகனை ஒரு கணமும் விட்டுப் பிரியாத, கண்ணுக்குத் தெரியாத ஒரு கதைசொல்லியை அவர் குறிப்பேடுகளில் திட்டமிட்டிருக்கிறார். காஃப்கா 1922-ல் எழுதத் தொடங்கிய ‘கோட்டை’ நாவலின் ஆரம்ப அத்தியாயங்கள் ‘நான்’ என்றே இருந்தன. பிறகு கையெழுத்துப் பிரதியில் திரும்பிப்போய் அதை நாயகன் பெயரான ‘கே.’ என்று மாற்றினார்.

காஃப்கா செய்தது போன்ற நேரடி மாற்றத்தைத் தமிழில் கணினியின் ‘தேடி மாற்று’ வசதியிடம் ஒப்படைக்க முடியாது. ‘என்’ என்பதை ‘அவள்’ ஆக்கச் சொன்னால் என்று, என்ன, என்பது, என்றால் எல்லாம் சிதையும். ‘நான்’ என்று தேடினால் ‘நான்கு’ அகப்படும். ஆனால் நானும், நானே, நானா அகப்படாமல் தப்பும், அவற்றில் ‘ன்’ என்ற எழுத்தே இல்லை. விகுதிகள் ஒவ்வொன்றையும் கையால்தான் மாற்ற வேண்டும்.

அதைவிடச் சிக்கலானவை மாற்றத் தேவையில்லாததுபோல் தோன்றும் வாக்கியங்கள். “கேட்க முடியவில்லை.” தன்மையில் இதைப் படித்தவர் எனக்கு முடியவில்லை என்றே எடுத்துக்கொண்டார். படர்க்கைக்கு மாறியதும் அதே வாக்கியம் அண்ணனையும் குறிக்கலாம், தங்கையையும் குறிக்கலாம். மனத்துக்குள் நுழைய உதவிய அதே விகுதியில்லாத வடிவங்கள் இங்கே குழப்பத்தைத் தருகின்றன. இல்லை, வேண்டும், முடியாது, தெரியாது என்று முடியும் வாக்கியங்களை ஒவ்வொன்றாக நிறுத்தி யாருக்கு என்று கேட்டுப் பார்த்து, தேவையான இடத்தில் ‘அவளால்’, ‘அவளுக்கு’ சேர்க்க வேண்டும்.

படர்க்கையிலிருந்து தன்மைக்கு வருவது வேறு வகை உழைப்பு. ‘என்று நினைத்தாள்’ எல்லாம் போகும், பிரதி சுருங்கும். படர்க்கையில் முருகேசன் என்று பெயரால் வந்தவன் ‘அண்ணன்’ ஆவான், ‘தன்’ ‘என்’ ஆகும், அவள் தோற்றத்தைப் பற்றிய வரிகளும் அவள் முதுகுக்குப் பின்னால் நடந்தவையும் நீங்கும். அவள் அறியாத சொற்கள் எத்தனை இருக்கின்றன என்று பார்த்து அவற்றையும் எடுக்க வேண்டும். காலியான இடத்தில் புதிதாக எழுத வேண்டியது ஒன்றுதான்: அவள் ஏன், யாரிடம் இதைச் சொல்கிறாள் என்பது தொனியில் தெரியும் வரிகள். எந்தத் திசையில் மாற்றினாலும் உரையாடலுக்குள் இருக்கும் ‘நான்’, ‘நீ’, ‘அவள்’ எதையும் தொடக்கூடாது. வேலையைத் தொடங்கும் முன்பே உரையாடல் வரிகள் அனைத்துக்கும் வேறு நிறம் கொடுத்துவிட்டு, கறுப்பில் இருப்பதை மட்டும் திருத்திக்கொண்டு போனால் அந்தப் பிழை நேராது.